தேர்ந்தெடுக்கப்பட்ட நாள்: அமெரிக்கப் படை வரலாற்றில் ஜூலை 4

படை வரலாற்றை நாள்வாரியாகத் தொகுக்கும் ஏடுகள், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துக் காட்டும்போது, அவற்றுக்கிடையே ஊழின் கை ஒன்று இயங்குவது போன்ற தோற்றம் எழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் இத்தோற்றத்தை மிக வலுவாகத் தருவது ஜூலை 4 என்னும் நாளாகும். அந்நாளில் ஒரு நகரம் சரணடைந்தது, படைக்கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது, ஒரு போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது, கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஒன்று தனிநாடாயிற்று. ஆயினும் இந்நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் காரணங்களைத் தேடினால், விடுதலைப் பிரகடனம் பிறந்த 1776க்குப் பிற்பட்டவற்றுள் பல அந்நாளில் தாமாக வந்து விழுந்தவை அல்ல என்பதும், தளபதிகளும் ஆட்சியாளர்களும் அந்நாளின் பொருளை அறிந்தே அதனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், அத்தேர்வின் விலையைச் சில வேளைகளில் சாதாரணப் படைவீரர்கள் உயிரால் செலுத்தினார்கள் என்பதும் தெளிவாகின்றன.

அந்நாளுக்கு எந்தப் பொருளும் இல்லாதிருந்த காலத்து நிகழ்வு ஒன்றிலிருந்து தொடங்குவது, பிற்காலத்து மாற்றத்தை அளந்தறிய உதவும். 1754ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவின் தென்மேற்கிலுள்ள பெரும் புல்வெளி என்ற இடத்தில், 22 வயதே ஆன ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்டிஷ் மன்னரின் வர்ஜீனியாப் படைக்குத் தலைமை தாங்கி, மரக்கட்டைகளை வட்டமாக நட்டுக் கட்டிய சிறு அரணுக்குள் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டார். நெசஸிட்டிக் கோட்டை, அதாவது தேவையின் பொருட்டு எழுந்த கோட்டை, என அவ்வரண் பெயர் பெற்றது. சில வாரங்களுக்கு முன் வாஷிங்டனின் ஆட்களோடு நடந்த மோதலில் ஜுமொன்வீல் என்னும் பிரெஞ்சு அதிகாரி கொல்லப்பட்டிருந்தார்; அவருடைய உடன்பிறப்பான கூலோன் தெ வில்லியே இப்போது பழி தீர்க்க வந்த படையின் தலைவர். ஜூலை 3 முழுவதும் பெய்த மழையில் அகழிகள் நீரால் நிரம்பி வெடிமருந்து நனைந்துபோக, நள்ளிரவை ஒட்டி வாஷிங்டன் சரணோலையில் கையெழுத்திட்டார். பிரெஞ்சு மொழியிலிருந்த அவ்வோலை ஜுமொன்வீலின் இறப்பைப் படுகொலை என்றே குறித்திருந்தது. மொழிபெயர்த்துச் சொன்னவர் அச்சொல்லின் கனத்தை உணர்த்தவில்லை. ஜூலை 4 காலையில் தோற்ற படை கோட்டையை விட்டு வெளியேறியது. வாஷிங்டன் தம் வாழ்நாளில் எதிரியிடம் சரணடைந்தது அந்த ஒருமுறைதான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1776 ஜூலையில், நியூயார்க்கில் விடுதலைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த அதே வாஷிங்டன் பழைய படைத்தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அம்மாதத்தின் 3ஆம் நாளையும் 9ஆம் நாளையும் தாம் நன்றியோடு நினைத்துக்கொண்டதாகக் குறிப்பிட்டார். 3ஆம் நாள் பெரும் புல்வெளியிலும், 9ஆம் நாள் 1755இல் மோனங்கஹேலா ஆற்றங்கரைப் போரிலும் உயிர் தப்பியதற்கான நன்றி அது. புதிய நாட்டின் பிரகடனம் அவருடைய படையின் முன் வாசிக்கப்பட்டது அந்த 1776 ஜூலை 9 அன்றுதான். தளபதியின் உள்ளத்தில் பழைய நாட்காட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அவர் கண்ணெதிரே புதியது ஒன்று பிறந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அப்புதிய நாட்காட்டியும் உடனே நிலைபெற்றுவிடவில்லை. பதின்மூன்று குடியேற்றங்களின் பேராளர் அவையான கான்டினென்டல் காங்கிரஸ், பிரிட்டனிடமிருந்து பிரிவதென வாக்களித்தது ஜூலை 2 அன்று. ஜூலை 4 அன்று நடந்தது, அம்முடிவை உலகுக்கு விளக்கும் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது மட்டுமே. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2ஐயே விழா நாளாகக் கொள்ளும் என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். அச்சிட்டு ஊரூராக அனுப்பப்பட்ட தாளின் தலைப்பில் ஜூலை 4 என்றிருந்ததால் மக்கள் மனத்தில் அத்தேதியே பதிந்தது. நியூயார்க்கில் பிரகடனம் வாசிக்கப்பட்ட அன்று மாலை, கூட்டம் ஒன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தியது. கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்த ஈயத்திலிருந்து 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்க்கப்பட்டதாகக் கணக்கு உள்ளது.

அந்நாளைப் படைக்குரிய விழாவாக்கியவரும் வாஷிங்டனே. 1778 ஜூலை 4 அன்று, பிரிட்டிஷாரோடு நடந்த மான்மத் போர் முடிந்த ஒரு வாரத்துக்குள், வீரர்கள் தொப்பியில் பச்சைத் தழை சூடவும், பீரங்கி முழங்கவும், அணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துப்பாக்கிகள் தொடர்ச்சியாக வெடிக்கவும், ஒவ்வொருவருக்கும் இருமடங்கு ரம் வழங்கவும் அவர் ஆணையிட்டார். அதே நாள் இரவில், மேற்கே வெகு தொலைவில், ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் சுமார் 175 ஆட்களுடன் மிசிசிப்பிக் கரையோர ஊரான கஸ்காஸ்கியாவை ஒரு குண்டும் சுடாமல் கைப்பற்றினார். இது மெய்யாகவே தற்செயல். 1802 மார்ச்சில் சட்டத்தால் நிறுவப்பட்ட வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரி அதே ஆண்டு ஜூலை 4 அன்று முறைப்படி இயங்கத் தொடங்கியபோதோ, தேதி தானாக வந்தது என்று சொல்வதற்கில்லை. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன்.

இந்நாளின் முழுக் கனமும் வெளிப்பட்டது உள்நாட்டுப் போரின் நடுவில், 1863இல். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு மிசிசிப்பி ஆற்றின்மேல் எஞ்சியிருந்த பெரும் பிடி விக்ஸ்பர்க் நகரம்; ஆற்றின் வளைவொன்றில் உயர்ந்த மேட்டின்மேல் அமைந்த அந்நகரத்தின் பீரங்கிகள் கீழே செல்லும் கப்பல்களை மிரட்டின. வடக்கின் ஒன்றியப் படைத் தளபதி யுலிசஸ் கிராண்ட் மே 19இலும் 22இலும் நேரடியாகத் தாக்கித் தோற்றபின், நகரைச் சுற்றி அகழி வெட்டி முற்றுகையிட்டார். நாற்பத்தேழு நாள் முற்றுகையில் நகர மக்கள் குண்டுமழைக்குத் தப்ப மேட்டின் களிமண்ணில் குகை தோண்டி வாழ்ந்தார்கள். உணவு குறையக் குறையக் கோவேறு கழுதையின் இறைச்சி சந்தைக்கு வந்தது. செய்தித்தாள் அச்சிடக் காகிதம் தீர்ந்தபோது, சுவரில் ஒட்டும் பூவேலைத் தாளின் பின்புறத்தில் ஊர்ப் பத்திரிகை அச்சாயிற்று. ஜூன் 25 அன்று வடவர் கூட்டமைப்பின் அரண் ஒன்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஜூலை தொடங்கும்போது காவற்படையினர் நிமிர்ந்து நடக்கவும் வலுவற்றிருந்தனர்.

நகரைக் காத்து நின்ற ஜான் பெம்பர்டன், பிறப்பால் வடபுலத்தவர். பிலடெல்ஃபியாவில், அதாவது பிரகடனம் கையெழுத்தான அதே நகரத்தில், பிறந்து, வர்ஜீனியாவில் மணம்புரிந்து, தென்னவர் பக்கம் சேர்ந்தவர். அதனாலேயே தென்னவரின் ஐயத்துக்கு ஆளானவர். ஜூலை 3 அன்று வெள்ளைக்கொடியுடன் ஆள் அனுப்பி, அன்று பிற்பகல் இரு அணிகளுக்கும் நடுவே ஓர் ஓக் மரத்தடியில் கிராண்டைச் சந்தித்தார். தாம் பிறந்த வடபுலத்து மக்களைப் பெம்பர்டன் நன்கு அறிந்திருந்தார். வடவரின் தற்பெருமை எங்கே இளகும் என்பதையும் அறிந்திருந்தார். தம் தேசிய விழா நாளன்று நகருக்குள் நுழையும் பெருமைக்காக அவர்கள் வேறு எந்த நாளிலும் தராத சலுகையைத் தருவார்கள் என்று கணக்கிட்டே அந்நாளில் சரணடைய முடிவு செய்ததாகப் பின்னர் அவரே விளக்கமளித்தார். நிபந்தனையற்ற சரணையே முதலில் கேட்ட கிராண்ட், இரவில் தம் இறுதி நிபந்தனைகளை அனுப்பியபோது, வாக்குறுதி விடுதலைக்கு இசைந்தார். வாக்குறுதி விடுதலை என்பது, சரணடைந்த வீரர், எதிர்த்தரப்புக் கைதி ஒருவருக்கு ஈடாக முறைப்படி மாற்றிக்கொள்ளப்படும்வரை ஆயுதம் ஏந்துவதில்லை எனக் கையெழுத்திட்டுக் கொடுத்து வீடு திரும்பும் ஏற்பாடு. கிராண்டை இணங்கச் செய்தது தேதியின் கவர்ச்சி மட்டுமன்று: ஏறக்குறைய 30,000 கைதிகளை வடக்கே ஏற்றிச் செல்ல அவருடைய நீராவிப் படகுகள் அனைத்தும் மாதக்கணக்கில் தேவைப்பட்டிருக்கும். இருவரும் தத்தம் காரணத்தால் ஒரே நாளில் வந்து நின்றார்கள் என்பதே பொருந்தும்.

ஜூலை 4 காலை பத்து மணியளவில் தென்னவர் அணியணியாக வெளியே வந்து துப்பாக்கிகளை அடுக்கி வைத்தனர். 172 பீரங்கிகள் வெற்றி பெற்றவர் வசமாயின. நாற்பத்தேழு நாள் ஒருவரை ஒருவர் குறிபார்த்துக் கொன்றவர்கள் அன்று பேசிப் பழகினார்கள்; ஒன்றியப் படையினர் தம் பைகளிலிருந்த ரொட்டியை எதிரிக்குப் பகிர்ந்தளித்தனர். வெற்றிக் கூச்சல் பெரிதாக எழவில்லை. அப்போரின் வரலாற்றில் மனித இயல்பு தன் நல்ல முகத்தைக் காட்டிய வேளைகளுள் இது முதன்மையானது எனக் கொள்ளத் தகும்.

அதே 1863 ஜூலை 4 அன்று நடந்த வேறு மூன்று நிகழ்வுகள், ஒரே தேதி வெவ்வேறு மனிதரிடம் எவ்வாறு வெவ்வேறாக வேலை செய்தது என்பதைக் காட்டுகின்றன. கென்டக்கி மாநிலத்தில் கிரீன் ஆற்றுப் பாலத்தை இருநூற்றுச் சொச்சம் மிச்சிகன் வீரர்களுடன் காத்துநின்ற கர்னல் ஆர்லாண்டோ மூரிடம், பன்மடங்கு பெரிய குதிரைப்படையுடன் வந்த தென்னவர் தளபதி ஜான் ஹண்ட் மார்கன் சரணடையக் கோரியபோது, ஜூலை 4 அத்தகைய கோரிக்கையை ஏற்கும் நாளன்று என்று மூர் மறுமொழி அனுப்பினார். பலமுறை தாக்கியும் பாலத்தைப் பிடிக்க இயலாமல் மார்கன் வேறு வழியில் ஆற்றைக் கடந்தார். எந்த நாளென்பதால் பெம்பர்டன் பணிந்தாரோ, அதே நாளென்பதால் மூர் பணிய மறுத்தார். அர்க்கன்சாவின் ஹெலினாவில், விக்ஸ்பர்க்கின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் நோக்குடன் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தென்னவர் விடியற்காலையில் தாக்கி ஏறக்குறைய 1,600 பேரை இழந்தனர். எந்த நகரத்துக்காகப் போரிட்டார்களோ அது அன்று காலையிலேயே சரணடைந்துகொண்டிருந்ததை அவர்கள் அறியார். கெட்டிஸ்பர்க்கில், மூன்று நாள் பெரும்போரில் இரு தரப்பிலுமாகச் சுமார் 51,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் இருந்த களத்தில், ராபர்ட் லீ அன்று பகலெல்லாம் எதிர்த்தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருந்து, கொட்டும் மழையில் பின்வாங்கத் தொடங்கினார். காயமுற்றோரை ஏற்றிய வண்டிகளின் வரிசை பதினேழு மைல் நீண்டதென்று கூறுவர். மேற்கிலும் கிழக்கிலும் ஒரே நாளில் நேர்ந்த இத்திருப்பத்தில் கெட்டிஸ்பர்க்கின் பங்கு தற்செயல், விக்ஸ்பர்க்கின் பங்கு தேர்வு. நாள்வாரிப் பட்டியல்கள் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

விக்ஸ்பர்க்கின் வெள்ளையர் பலர் அதன்பின் பல பத்தாண்டுகள் ஜூலை 4ஐக் கொண்டாட மறுத்தார்கள். ஆனால் நகரமே கொண்டாடவில்லை என்று பரவியிருக்கும் செய்தி சரியன்று. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு அந்நாள் இருமடங்கு விடுதலை நாளாக இருந்தது, அவர்கள் அதனைக் கொண்டாடவும் செய்தார்கள். நகரம் என்ற சொல்லால் யாரைக் குறிப்பது என்பதில் வரலாற்றெழுத்து நெடுங்காலம் அநீதி இழைத்தது. 1947 ஜூலை 4 அன்று இராணுவத் தலைமை அதிகாரி டுவைட் ஐசன்ஹவர் அந்நகருக்கே வந்து விழாவில் கலந்துகொண்டார்.

1876இல் நாட்டின் நூற்றாண்டு விழா பிலடெல்ஃபியாக் கண்காட்சியின் ஆரவாரத்தோடு நிகழ்ந்தபோது, ஒன்பது நாட்களுக்கு முன் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, ஷையன் வீரர்கள் ஜார்ஜ் கஸ்டரையும் அவரோடு நின்ற குதிரைப்படையினரையும் அழித்திருந்த செய்தி கிழக்கே எட்டவில்லை. காயமுற்றோரைச் சுமந்த ஃபார் வெஸ்ட் என்ற நீராவிப் படகு தந்தி வசதியுள்ள பிஸ்மார்க் ஊரை அடைந்தது ஜூலை 5 இரவில். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் நிலைமை நேர்மாறாயிற்று: கியூபாவின் சாந்தியாகோவுக்கு வெளியே ஸ்பானியக் கடற்படை அழிந்தது ஜூலை 3 அன்று, அதனை நாட்டுக்குத் தம் படையின் ஜூலை 4 பரிசாக அளிப்பதாகக் கடற்படைத் தளபதி வில்லியம் சாம்சன் பெயரில் தந்தி பறந்தது. சண்டை நடந்த பொழுதின் பெரும்பகுதியில் அவர் களத்தில் இல்லை. முன்னின்று நடத்திய வின்ஃபீல்டு ஷ்லையின் பெயர் அத்தந்தியில் இல்லை. அதனால் மூண்ட பூசல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா நுழைந்தபின், 1917 ஜூலை 4 அன்று, 16ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன் பாரிஸ் தெருக்களில் அணிவகுத்து, அமெரிக்க விடுதலைப் போரில் துணைநின்ற லாஃபயெத்தின் கல்லறைக்குச் சென்றது. அங்கே, லாஃபயெத்திடம் தாங்கள் வந்துவிட்டதாகக் கூறும் புகழ்பெற்ற வாசகத்தைச் சொன்னவர் கர்னல் சார்லஸ் ஸ்டான்டன். அமெரிக்கப் படைத் தளபதி பெர்ஷிங் சொன்னதாக அது பரவிவிட்டது. அன்று நடந்தவர்களுள் பலர் பயிற்சி முடியாத புதியவர்கள். போர் செய்ய ஆயத்தமாகாத படையை அந்நாளில் வீதியில் நடத்திக் காட்டியதன் நோக்கம், சோர்ந்திருந்த பிரான்சுக்குத் தெம்பளிப்பதாகும்.

அடுத்த ஆண்டின் அதே நாள் இதைவிட ஆழமாக ஆராயத்தக்கது. வடக்குப் பிரான்சின் லெ ஹாமெல் சிற்றூரைக் கைப்பற்றும் பொறுப்பு, ஆஸ்திரேலியப் படைத்தொகுதியின் தலைமையை அண்மையில் ஏற்ற ஜான் மோனாஷுக்கு வந்தது. கட்டடப் பொறியாளராகப் பாலங்கள் அமைத்துப் பழகிய அவர், போரையும் கட்டுமானம் போலவே நுணுகித் திட்டமிட்டார். 1917இல் புல்லகூரில் டாங்கிகள் கைவிட்டதால் அவற்றை வெறுத்த ஆஸ்திரேலியர்களை, முன்கூட்டியே டாங்கிகளோடு பழகவிட்டார். பல நாள் காலையில் புகைக்குண்டோடு நச்சுவாயுக் குண்டையும் கலந்து வீசி எதிரியைப் பழக்கி, தாக்குதல் நாளில் புகையை மட்டும் வீச, ஜெர்மானியர் முகமூடிக்குள் திணறினர். டாங்கி ஓசையை விமானங்களின் இரைச்சல் மறைத்தது. தோட்டாப் பெட்டிகள் வானிலிருந்து பாராசூட்டில் இறங்கின. நாளை ஜூலை 4 எனக் குறித்தது, உடன் போரிட இருந்த இல்லினாய் மாநிலத்து அமெரிக்கக் கம்பெனிகளைப் பெருமைப்படுத்தவே.

ஆனால் அப்பெருமையே சிக்கலாயிற்று. அமெரிக்கர் தனிப்படையாகவே போரிட வேண்டும், பிறர் அணிகளின் இடைவெளிகளை நிரப்பும் ஆட்களாகக் கூடாது என்பதில் உறுதியாயிருந்த பெர்ஷிங், செய்தி அறிந்து தம் ஆட்களைத் திரும்பப் பெற ஆணையிட்டார். பத்துக் கம்பெனிகளுள் ஆறு, ஏமாற்றத்தோடும் சினத்தோடும், ஜூலை 3 அன்று களத்திலிருந்து விலகின. எஞ்சிய நான்கையும் விலக்கும் ஆணை அன்று பிற்பகல் வந்தபோது, அவர்கள் ஆஸ்திரேலியரோடு பிளாட்டூன் பிளாட்டூனாக ஏற்கெனவே கலந்துவிட்டதால், விலக்கினால் தாக்குதலையே கைவிட நேரும் என மோனாஷ் வாதிட்டார். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹேக் மாலையில் அவர் பக்கம் முடிவு செய்தார். ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர் அவ்வாறு தம் தளபதியின் விருப்பத்தை மீறி, தம் நாட்டின் விழா நாளில் போரிட்டனர். விடியுமுன் 3.10 மணிக்குத் தொடங்கிய தாக்குதல் 90 நிமிடத்தில் முடியுமென மோனாஷ் கணித்திருந்தார். 93 நிமிடம் ஆயிற்று. தனியே இயந்திரத் துப்பாக்கி நிலை ஒன்றைப் பாய்ந்து பிடித்த கார்ப்பரல் தாமஸ் போப், அமெரிக்காவின் உயரிய வீரவிருதைப் பெற்றார். ஆஸ்திரேலியருள் சுமார் 1,400 பேரும் அமெரிக்கருள் 176 பேரும் இறந்தோ காயமுற்றோ போயினர். ஆகஸ்ட் 8இல் அமியானில் ஜெர்மானிய அணியைப் பிளந்த பெருந்தாக்குதலுக்கு இச்சிறுபோரே முன்மாதிரி. தேதியைத் தேர்ந்ததும் திட்டம் சிறந்ததும் இங்கே ஒருங்கே அமைந்தன.

இரண்டாம் உலகப்போரில், 1942இல், அவ்வாறு அமையவில்லை. ஜூலை 4க்குள் அமெரிக்க வானோடிகள் ஐரோப்பாவில் போரிடுவார்கள் என வான்படைத் தலைவர் ஹென்றி ஆர்னால்ட் சர்ச்சிலுக்கு வாக்களித்திருந்தார். நாள் வந்தபோது சொந்த விமானங்கள் ஆயத்தமாக இல்லை. ஆகவே ஆறு அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனிடம் இரவல் பெற்ற பாஸ்டன் வகைக் குண்டுவீச்சு விமானங்களில், ஆறு பிரிட்டிஷ் குழுக்களோடு சேர்ந்து, நெதர்லாந்திலிருந்த ஜெர்மானிய விமானத்தளங்களின்மேல் தாழப் பறந்தன. அமெரிக்க விமானங்களுள் இரண்டு திரும்பவில்லை. மூன்றாவதொன்று, கேப்டன் சார்லஸ் கெகல்மன் ஓட்டியது, ஓர் இயந்திரத்தின் சுழலி பறந்துபோய், தரையில் மோதி மீண்டெழுந்து, எதிரியின் காவற்கோபுரத்தைச் சுட்டுவிட்டுக் கரை சேர்ந்தது. அவருடைய துணிவு மெய்யானது. ஆனால் நாட்காட்டியின் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக ஆட்களை அனுப்பிய முடிவை நியாயப்படுத்துவது கடினம். அதே நாளில் சீனாவில், கிளேர் ஷெனால்ட்டின் பறக்கும் புலிகள் என்ற தன்னார்வ வானோடிக் குழு கலைக்கப்பட்டு, அமெரிக்க வான்படையின் முறையான பிரிவு அதன் இடத்தை ஏற்றது. அக்குழுவின் ஓர் அணிதான் 1941 டிசம்பரில், தமிழர் உள்ளிட்ட இந்தியர் திரளாக வாழ்ந்த இரங்கூனின்மேல் ஜப்பானியர் குண்டு வீசியபோது எதிர்த்துப் போரிட்டது. அக்குண்டுவீச்சைத் தொடர்ந்தே பர்மா இந்தியரின் நெடும் நடைப்பயணம் தொடங்கியது.

அமெரிக்கர் தம் தேதியைப் பிறர்மேல் ஏற்றிய வரலாறு பிலிப்பைன்ஸில் உள்ளது. 1898 ஜூன் 12 அன்று காவித் ஊரில் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையைப் பிரகடனம் செய்தார். அமெரிக்கா அதனை ஏற்காமல் தீவுகளைத் தன்வயப்படுத்தியதால் 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. 1901 ஜூலை 4 அன்று வில்லியம் டாஃப்ட் குடிமை ஆளுநராகப் பதவியேற்றார். 1902 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் போர் முடிந்ததென அறிவித்து, எதிர்த்தோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதுவரை நாலாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரரும் சுமார் இருபதாயிரம் பிலிப்பினோ வீரரும் மாண்டிருந்தனர்; போர், பஞ்சம், காலரா ஆகியவற்றால் மடிந்த பொதுமக்களின் தொகை இரண்டு இலட்சத்தை எட்டியதென மதிப்பிடுவர். அறிவிப்புக்குப் பின்னும் தெற்கே மோரோ மக்களின் எதிர்ப்பு 1913வரை ஓயவில்லை. விடுதலைக்காகப் போரிட்டோரின் தோல்வியை, தம் விடுதலை விழாவன்று அறிவிப்பதிலிருந்த கொடுமை அன்றைய ஆட்சியாளர் எவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

1934இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், பத்தாண்டு இடைக்கால ஆட்சிக்குப் பின்வரும் ஜூலை 4 அன்றே தீவுகள் விடுதலை பெறும் என்று தேதியையும் சேர்த்தே விதித்தது. அவ்வாறே 1946 ஜூலை 4 அன்று, ஜப்பானிய ஆக்கிரமிப்பாலும் மீட்புப் போராலும் இடிபாடாகிக் கிடந்த மணிலாவின் லுனேத்தா திடலில் அமெரிக்கக் கொடி இறங்க, பிலிப்பைன்ஸ் கொடி ஏறியது. அவ்வாறு விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைவர் மானுவேல் ரோஹாஸ். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1962இல், குடியரசுத் தலைவர் தியோஸ்தாதோ மகபகால் விடுதலை நாளை ஜூன் 12க்கு மாற்றினார். 1964இல் சட்டம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டில் அந்நாட்டு நாட்காட்டியில் ஜூலை 4 பிலிப்பைன்ஸ் குடியரசு நாள் என்ற பெயரைப் பெற்றது. காவித்தில் அகினால்டோவின் வீட்டின் முன் கொடியேற்றம் ஜூன் 12 அன்று நடைபெறுகிறது.